கை வைத்த சிலை

என் அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒரு பொருளை அது இருக்கிறபடி இருக்க விடத் தெரியாது. புதுக் கதிரை வாங்கினால் அதற்கு உறை தைப்பார்கள். உறை அழுக்காகாமல் இருக்க அதன்மேல் ஒரு துவாய் விரிப்பார்கள். துவாய் வழுக்குகிறதென்று நாலு மூலையிலும் ஊசி குத்துவார்கள். கடைசியில் அந்தக் கதிரையில் ஒருவரும் இருக்க முடியாது. நான் பதினொரு வருடமாக அவர்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள சின்ன யூனிட்டில் இருக்கிறேன். என் கணவர் போன பிறகு, "தனியாய் இருந்து என்ன செய்யப் போறாய், இஞ்சை வா" என்று கூட்டிக்கொண்டு வந்தார்கள். நல்ல மனம்தான். நல்ல மனம் இல்லாதவர்களாக இருந்தால் ஒரு சண்டையைப் பிடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இவர்களோடு அதற்கும் வழியில்லை.

எனக்கு ஒடாஹுஹு என்ற ஊரில் ஒரு பேக்கரியில் வேலை. விடிய ஆறு மணிக்குக் கவுண்டரில் நின்றால் இறைச்சி பொதிந்த பை, சாண்ட்விச், கிரீம் பன் என்று பிற்பகல் இரண்டு மணிவரை கை ஓயாது. முதலாளி கம்போடியாக்காரி, என் வயதுதான். சின்ன வயதில் தாய்லாந்து எல்லையில் இருந்த அகதி முகாமிலிருந்து இங்கே வந்தவள். நாங்கள் ஆங்கிலத்தில்தான் கதைப்போம். அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் வேறு வேறு இடங்களில் உடைந்தவை. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஓரளவு முழுசாக வரும்.

கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதற்கும் பின்னால் அவளுடைய வீடு. அந்த நடு அறையில், மா மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு தாழ்ந்த மேசையில் அந்தச் சிலை இருந்தது. முழங்காலை மடித்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். இரண்டடி உயரம், சாம்பல் நிறக் கல். தலைமுடியை உச்சியில் சின்னக் கொண்டையாக முடிந்திருக்கிறாள். இடுப்புக்கு மேலே உடுப்பில்லை, ஒரு நகையும் இல்லை. இடுப்புக்குக் கீழே சின்னச் சின்னப் பூப் போட்ட நீளத் துணி. கண்ணைத் தாழ்த்தி, பக்கத்தில் யாரோ கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பவள் மாதிரி இலேசாகச் சிரிக்கிறாள். தோளுக்குக் கீழே இரண்டு கையும் இல்லை.

உடைந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை, செய்ததே அப்படித்தான் என்றாள். அவள் நாட்டில் எண்ணூறு வருடம் பழமையான ஒரு ராணியின் சிலை இருக்கிறதாம். அதன் கைகள் எந்தக் காலத்திலோ போய்விட்டன. இப்போது அதைப் பார்த்துச் செதுக்குகிறவர்கள் அந்த உடைவையும் சேர்த்தே செதுக்குகிறார்கள். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. பஸ்சில் வீட்டுக்குப் போகும்போது போனில் தேடிப் பார்த்தேன். அங்கே ராணிமார் இறந்த பிறகு அவர்களைத் தெய்வத்தின் வடிவில் செதுக்கி, பெயரோடு தேவி என்று சேர்த்துக் கும்பிட்டிருக்கிறார்கள். ஓர் அரசன் தன் தாயையே அறிவுக்குத் தெய்வமாக வைத்துக் கோயில் கட்டியிருக்கிறான். எங்கே ராணி முடிகிறாள், எங்கே தெய்வம் தொடங்குகிறாள் என்று படித்தவர்களுக்கே பல சிலைகளில் சொல்ல முடியவில்லையாம். நம்முடைய உமையும் இலட்சுமியும்கூட அங்கே கல்லில் நிற்கிறார்கள், அகன்ற தோளும் மடிப்பு மடிப்பான உடுப்பும் முன்னால் மீன்வால் மாதிரி ஒரு முடிச்சுமாக. சிலவற்றின் காதில் துளை மட்டும்தான் இருக்கிறது, தோடு உண்மையான தோடாகவே போட்டிருப்பார்கள் போல. கை மட்டும் பலவற்றுக்கு இல்லை. கல்லில் மெல்லிய இடம் அதுதான், முதலில் போவதும் அதுதான்.

ஆனால் முதலாளியின் சிலைக்கு உடம்புதான் ராணியின் உடம்பு. முகம் அவளுடைய அக்காவின் முகம்.

நாட்டு மக்களை எல்லாம் ஆட்சியே வயலுக்கு விரட்டிச் சாகடித்த அந்தக் கெட்ட காலத்தில் அவளுடைய அக்கா போய்விட்டாள். அப்போது அக்காவுக்குப் பதினெட்டு வயது, இவளுக்குப் பத்து. ஒரு படம்கூட மிஞ்சவில்லை. பல வருடம் கழித்து முதலாளி ஊருக்குப் போய் ஒரு சிற்பியின் பக்கத்தில் நாள்கணக்கில் உட்கார்ந்து, கன்னம் இன்னும் கொஞ்சம் கீழே, மேல் உதடு இவ்வளவு தடிப்பில்லை என்று சொல்லிச் சொல்லிச் செதுக்குவித்தாள். இந்த உலகத்தில் அந்த முகம் இருக்கிற இடம் அந்தக் கல் ஒன்றுதான். இப்போதெல்லாம் கண்ணை மூடினால் அக்கா வருவதில்லை, கல்லைப் பார்த்துத்தான் நினைவுபடுத்துகிறேன் என்று ஒருநாள் பைத் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

அவர்கள் மொழியில் அக்காவுக்குப் 'போங்' என்று சொல்வார்கள். சொந்த அக்காவை மட்டுமல்ல, கொஞ்சம் மூத்த யாரைக் கண்டாலும், கடைக்கு வருகிற முன்பின் தெரியாத பெண்ணையும்கூட அப்படிக் கூப்பிடுவதுதான் மரியாதை. இவள் மட்டும் கூப்பிட மாட்டாள். மூத்தவர்களிடமும் பெயர் சொல்லிக் கதைப்பாள், இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் கதைப்பாள். அதனால் அவளுடைய ஆட்கள் மத்தியில் அவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். "அந்தச் சொல் ஒரே ஆளுக்குத்தான்" என்றாள். 

போன வருடம் கடைக் கூரை ஒழுகத் தொடங்கியது. கூரையை மாற்றி முடியும்வரை ஆறு வாரம் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்வர முடிவெடுத்தாள். வேலைக்காரர் ஏணியோடு ஏறி இறங்குகிற இடத்தில் சிலையை விட அவளுக்கு மனமில்லை. "நீ வைத்திரு" என்றாள். "ஒன்றும் செய்ய வேண்டாம். பூ வேண்டாம், ஊதுபத்தி வேண்டாம். சும்மா இருக்கட்டும்." எப்படிப்பட்ட வீட்டுக்கு அனுப்பிச் சும்மா இருக்கட்டும் என்கிறாள் என்று அவளுக்கு எங்கே தெரியும்! எனக்குத் தெரியும். தெரிந்தும் சரி என்றேன்.

அத்தான் இருபது வருடம் விரி என்ற இடத்தில் ஒரு கிடங்கில் வேலை செய்தவர். கடைகளிலிருந்து திரும்பி வருகிற சாமான்களைப் பார்த்து, கீறலோ நெளிவோ இருந்தால் 'டமேஜ்' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவதுதான் அவருடைய வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண் போகவில்லை. இப்போது கோயில் நிர்வாகக் குழுவில் வேறு இருக்கிறார். சிலையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து என் யூனிட்டுக்குள் இறக்கி, போர்வையை விலக்கியவுடன், "இதென்ன, டமேஜ் சாமானெல்லோ?" என்றார்.

அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, மூளி அம்மன்! பின்னமான சிலையை வீட்டுக்குள்ளை வைக்கப்படாதடி. ஆத்திலை விடவேணும்."

மூளி என்றால் உறுப்புக் குறைந்தது. காதில் தோடில்லாத, கையில் காப்பில்லாத பெண்ணுக்கும் அதே சொல்தான். என் கணவரின் காரியங்கள் முடிந்து நான் காப்பைக் கழற்றி வைத்தபோது, இதே அக்கா இதே சொல்லைச் சொல்லித்தான் அதைத் திரும்பவும் என் கையில் ஏற்றினாள். "இந்த நாட்டிலை ஆர் பாக்கினம், போடு." நான் துக்கத்துக்காகக் கழற்றவில்லை. காப்புக் கிலுங்குவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. அவருக்குப் பிடித்ததால் போட்டிருந்தேன், அவர் இல்லை, கழற்றினேன், அவ்வளவுதான். இதைப் பதினொரு வருடமாகச் சொல்கிறேன், காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை.

"இது அம்மன் இல்லை, ராணி" என்றேன்.

"ராணிக்கு என்ன பேர்?" என்று அத்தான் கேட்டார்.

"தேவி எண்டு முடியுமாம்."

"தேவி எண்டால் தேவிதானே. பட்டத்துத் தேவியும் தேவிதான், பராசக்தியும் தேவிதான்."

தமிழும் அவர் பக்கம் போய் நின்றுகொண்டது. நான் விட்டுவிட்டு முக்கியமானதைச் சொன்னேன். "அத்தான், கேளுங்கோ. இது அவவின்ரை அக்காவின்ரை முகம். வேறை ஒரு படமும் இல்லை. இதிலை ஆரும் கை வைக்கப்படாது. விளங்குதோ?"

"ஓம், ஓம்" என்றார்கள் இரண்டு பேரும். எங்கள் வீட்டில் ஒரு தடவை ஓம் என்றால் ஓம். இரண்டு தடவை சொன்னால் இல்லை என்று அர்த்தம்.

அடுத்த நாளே தொடங்கிவிட்டார்கள். நான் குளித்துவிட்டு வந்தால் சிலையின் காலடியில் ஒரு செம்பருத்தி. எடுத்தேன். மறுநாள் நெற்றியில் குங்குமம். ஈரத் துணியால் துடைத்தேன். அதற்கடுத்த நாள் மேலே ஒரு பச்சைச் சால்வை, முன்னால் ஊசி குத்தி. "கதவைத் திறந்தால் வாற ஆக்களுக்கு நேரை தெரியுதடி, பொம்பிளையை இப்பிடியே வைச்சிருக்கிறது?" என்று அக்கா கேட்டாள். என் வீட்டுக்கு யார் வருகிறார்கள்? அவள் ஒருத்திதான் வருகிறாள். சால்வையை மடித்துக் கையில் கொடுத்தேன். அது திரும்பி வந்தது. திரும்பக் கொடுத்தேன். கடை பூட்டியிருந்ததால் எனக்கு வேலையும் இல்லை, நாள் முழுக்க இதுதான் பாடு. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது, ஆனாலும் துடைத்தால் போகிறது, கழற்றினால் போகிறது என்று மனதை ஆற்றிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் சனிக்கிழமை, கோயில் அன்னதானத்துக்கு உருளைக்கிழங்கும் வெங்காயமும் மூட்டையாக வாங்க வேண்டுமென்று அக்கா என்னைத் தன் மகளோடு காரில் புக்கெகோஹி என்ற தோட்ட ஊருக்கு அனுப்பினாள். மகள் இங்கே பிறந்தவள். போகும் வழியெல்லாம் நான் தமிழில் கேட்க அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். "கொம்மா இனியாவது அந்தச் சிலையைச் சும்மா விடுவாவோ?" என்று கேட்டதற்கு மட்டும் ஒரு மொழியிலும் பதில் வரவில்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது சிலைக்குக் கை இருந்தது.

வெள்ளைச் சீமெந்தில் இரண்டு கைகள். வலது கை அபயம், இடது கை வரதம். விரல்கள் நீண்டு, நுனியில் இலேசாக வளைந்து, காலண்டரில் வருகிற அம்மனின் விரல்களாகவே இருந்தன. ஒவ்வொரு மணிக்கட்டிலும் மும்மூன்று காப்பு, அதையும் சீமெந்திலேயே செய்திருந்தார்கள். அது போதாதென்று பத்து நகத்துக்கும் சிவப்பு நெயில் பொலிஷ். அது அக்காவின் பொலிஷ், நிறம் எனக்குத் தெரியும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெங்காய மூட்டையை அப்படியே வாசலில் போட்டேன்.

அத்தான் பக்கத்தில் நின்றார். அவருக்குப் பக்கத்தில் கோயிலுக்கு டைல் ஒட்டிய ஆள், திருநெல்வேலிக்காரர், துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கை வைக்கப்படாது எண்டு சொன்னனானெல்லோ?" என்று கத்தினேன்.

"முகத்திலை ஆரும் கை வைக்கேல்லை" என்றார் அத்தான். "முகத்தைத் துவாயாலை சுத்திப்போட்டுத்தான் வேலை செய்தது. தோளிலைதான் கை வைச்சது."

அவர் பகிடி விடவில்லை. அதுதான் கொடுமை. தொட்டுக் கெடுத்தாலும் கை வைப்பதுதான், கையைக் கொண்டுவந்து பொருத்தினாலும் கை வைப்பதுதான் என்று ஒரு மொழி இருந்தால், அந்த மொழியில் ஒரு மனுசி எப்படி எச்சரிக்கை செய்வது? டைல்காரரிடம் திரும்பினேன். "இதைக் கழட்டலாமோ?"

"கழட்ட வராதுக்கா. தோள்ல துளை போட்டுக் கம்பி விட்டு எபாக்சிப் பசை வச்சிருக்கேன்" என்றார் பெருமையாக. என் முகத்தைப் பார்த்ததும் அவருடைய குரல் இறங்கியது. "கல்லு வெட்டுற கிரைண்டர்ல வெட்டலாம். ஆனா அந்த அதிர்வு கழுத்துக்குப் போகும். கழுத்து ஒல்லியா இருக்கு பாருங்க. விரிசல் விட்டுச்சுன்னா தலையே போயிடும். இருக்கட்டும்க்கா, அழகாத்தானே இருக்கு?"

தலை போய்விடும் என்றதும் வெட்டுகிற கதையை விட்டுவிட்டேன். அவர் போனதும் சமையலறையில் நின்று அழுதேன். துக்கம் கொஞ்சம்தான், மிச்சம் எல்லாம் ஆத்திரம். அக்கா வந்து, "என்னடி, உனக்கு நல்லதுக்குத்தானே செய்தது. மூளியாய் ஒண்டும் உன்ரை வீட்டிலை இருக்கப்படாது எண்டுதான்" என்றாள். வெளியே போ என்றேன். வாழ்க்கையில் அவளை நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மூன்று வாரம் நாங்கள் கதைக்கவில்லை. அக்கா சோறும் கறியும் வைத்து வாசலில் விட்டுவிட்டுப் போவாள். நான் சாப்பிட்டுவிட்டுச் சட்டியைக் கழுவி அவளுடைய வாசலில் வைப்பேன். ஊரிலிருந்து முதலாளி வாரம் ஒருமுறை, "எப்படி இருக்கிறாள்?" என்று மெசேஜ் அனுப்புவாள். நான் கழுத்துக்கு மேலே மட்டும் படம் எடுத்து அனுப்புவேன். அவள் ஓர் இதயம் போட்டு அனுப்புவாள். எனக்கு அந்த இதயத்தைப் பார்க்க முடியாது, போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அக்கா செய்ததற்கு நான் பொய் சொல்ல வேண்டியிருந்தது, அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

முதலாளி வந்து இறங்கிய மறுநாள் காலையில் நேரே என் யூனிட்டுக்கு வந்தாள். நான் வாசலிலேயே மறித்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆங்கிலம் வழக்கத்தைவிட அதிகமாக உடைந்தது. அவளுக்கு விளங்கியதோ இல்லையோ, என்னை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். சிலையின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். முதலில் முகத்தைப் பார்த்தாள், கழுத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு அந்தச் சிவப்பு நகங்களைப் பார்த்தாள். சிரிக்கப் போகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"இது அவளுடைய கை இல்லை" என்றாள்.

தெரியும், மன்னித்துக்கொள் என்றேன்.

"இல்லை, உனக்குத் தெரியாது." அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள். "ராத்திரியில் எங்களை நடத்திக்கொண்டு போனார்கள். இருட்டில் அவளுடைய முகம் எனக்குத் தெரியவில்லை. என் கையைப் பிடித்திருந்தாள். ஓரிடத்தில் அந்தக் கை போய்விட்டது. முகத்தைச் சிற்பியிடம் சொல்ல முடிந்தது. கையைச் சொல்ல முடியவில்லை. எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும், ஆனால் எந்த மொழியிலும் சொல்ல வராது. அதனால்தான் கையில்லாத ராணியைச் செய்யச் சொன்னேன்."

வாசலில் என் அக்கா நின்றாள். சோற்றுச் சட்டியோடு எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. "என்னவாமடி?" என்று கேட்டாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் என்னோடு கதைத்த முதல் வார்த்தை. கோபத்தில் ஒன்றையும் குறைக்காமல், அவளுக்கு வலிக்கட்டும் என்றே முழுவதையும் தமிழில் சொன்னேன். அக்கா சட்டியைக் கீழே வைத்தாள். திரும்பிப் போனாள்.

வெட்டிவிடச் சொல் என்றாள் முதலாளி. கழுத்தைப் பற்றிச் சொன்னேன், தலை போகலாம் என்றேன். வேறு யாருடைய கையோடோ அவளை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது என்றாள்.

பின்னேரம் டைல்காரர் கிரைண்டரோடு வந்தார். அத்தான் சிலையைப் பின்வளவுக்குத் தள்ளிக்கொண்டு போய் மரப்பலகையில் வைத்தார்.  டைல்காரர் இயந்திரத்தைப் போடப் போகிற நேரம் அக்கா ஒரு கனத்த துவாயோடு வந்தாள். சிலையின் முகத்தைத் துவாயால் சுற்றி, சிலைக்குப் பின்னால் முழங்காலில் நின்று, தாடையையும் பிடரியையும் இரண்டு உள்ளங்கையாலும் இறுக்கிப் பிடித்துத் தன் நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். "இப்ப வெட்டும்" என்றாள்.

"அக்கா, தூசி அடிக்கும், கையில பட்டுடும், தள்ளுங்க" என்றார் அவர்.

"வெட்டும் எண்டுறன்."

அவர் தன் முகக்கவசத்தையும் கண்ணாடியையும் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு வெட்டினார். காதைக் கிழிக்கிற சத்தம். வெள்ளைத் தூசி எழும்பி அக்காவின் தலையில், புருவத்தில், சேலையில் படிந்தது. அதிர்வு அவளுடைய தோள்வரை ஏறுவது எனக்குத் தெரிந்தது. முழங்கால் வருத்தக்காரி, கோயிலில்கூடக் கதிரை கேட்டு வாங்கி இருப்பவள். ஒருமுறைகூடப் பிடியை விடவில்லை. முதலாளி என் பக்கத்தில் நின்று, சிலையைப் பார்க்காமல் அக்காவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வலது கை விழுந்தது. பிறகு இடது கை.

சத்தம் நின்றதும் துவாயை விலக்கினோம். கழுத்து முழுசாக இருந்தது. முகம் அப்படியே இருந்தது, யாரோ கதைப்பதைக் கேட்டுக்கொண்டு. தோளில் கம்பி வெட்டுப்பட்ட இடத்தில் மட்டும் இரண்டு கறுப்புப் புள்ளிகள் மிஞ்சின, அவை இனிப் போகாது. அத்தான் விழுந்த கைகளைப் பொறுக்கி எடுத்து எங்கே வைப்பதென்று தெரியாமல் ஏந்திக்கொண்டு நின்றார். சாமிக் கை என்றால் குப்பையில் போட முடியாதே! ஏந்திக்கொண்டே நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்காவால் எழும்ப முடியவில்லை.  முதலாளி அவளுக்கு முன்னால் போய்க் குந்தியிருந்து, தூசி படிந்த அந்தக் கைகளில் ஒன்றைத் தன் இரண்டு கையாலும் பிடித்தாள். உடனே விடவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"போங்."

அக்காவின் முகம் சுருங்கிவிட்டது. கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள். "இவ்வளவு நேரமும் விடாமல் பிடிச்சனான். இப்ப என்னைப் போங்கோ எண்டுறாளோ?"

"இல்லையக்கா" என்றேன். "நிக்கச் சொல்லுறா."